பொட்டு வைத்த பிராக்கெட்

நம் டெஸ்ட் கூடத்தின் கதவுக்குப் பின்னால் ஒரு தகரப் பலகை தொங்குகிறது. 'சாம்பிள் மீது பொட்டு, விபூதி, சந்தனம் வைக்கக் கூடாது' என்று அதில் எழுதியிருக்கும். போன ஆயுத பூஜைக்கு என்னை மதித்துக் கூப்பிட்டிருந்தீர்கள். பொரியை வாயில் போட்டுக்கொண்டே உங்களில் ஒரு பிள்ளை அந்தப் பலகையைக் காட்டி, "இத யாரு சார் மாட்டினது? நம்ம லேப்ல நாத்திகக் கட்சி ஆளு யாராச்சும் இருந்தாங்களா?" என்று கேட்டது. எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அதை எழுதி மாட்டியது நான்தான். நெற்றியில் திருமண் இல்லாமல் நான் ஒரு நாளும் வேலைக்கு வந்ததில்லை. ஸ்ரீரங்கத்தில் குடியிருந்துகொண்டு, பெருமாளைச் சேவிக்காமல் துவாக்குடி பஸ் ஏறியதும் இல்லை. அப்படிப்பட்டவன் மாட்டிய பலகை அது.

அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. பூஜை நாளில் சொல்லுகிற சங்கதி இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் படித்தது பத்தாம் வகுப்பும் ஐ.டி.ஐ.யும்தான். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்து முடித்ததும் மனசு லேசாகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

நேற்று சேர்ந்தவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் நம் வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. பாரம் ஏற்றினால் இரும்பு நீளும், வளையும். கண்ணுக்குத் தெரியாது. முன்பெல்லாம் அதன் மேல் மெல்லிய பட்டை ஒன்றை ஒட்டி, ஒயர் இழுத்து அளப்போம். ஒட்டிய இடத்தில் நடப்பது தெரியும். அதற்கு விரற்கடை தள்ளி நடப்பது தெரியாது. பிறகு கேமரா வந்தது. இப்போது இரும்பின் மேல் வெள்ளை பெயின்ட் அடித்து, அதற்கு மேல் கறுப்புப் புள்ளிகளைத் தெளிக்கிறோம். பாரம் ஏற்றுவதற்கு முன்னால் ஒரு படம். பாரம் ஏற ஏறப் படங்கள். எந்தப் புள்ளி எவ்வளவு நகர்ந்தது என்று கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்த்து, இரும்பு எங்கெங்கே எவ்வளவு இழுபடுகிறது என்று வண்ணத்தில் காட்டுகிறது. நீலமும் பச்சையும் என்றால் சுகம். சிவப்பு என்றால் அந்த இடத்தில் அதனால் தாங்க முடியவில்லை. யாரும் இரும்பைத் தொடுவதில்லை.

இந்தப் புள்ளிகள் ஒழுங்காக இருக்கக் கூடாது. வரிசையாக இருந்தால் ஒரு புள்ளியை இன்னொன்று என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளும். தாறுமாறாக, ஒரு இடம் போல இன்னொரு இடம் இல்லாதபடி தெளிக்க வேண்டும். அதுதான் என் வேலை. இதை வீட்டில் சொன்னபோது என் சம்சாரம், "நேரா ஒரு வரிசை புள்ளி வைக்கத் தெரியாத ஆளுக்கு மாசமானா சம்பளம் வேறயா?" என்று கேட்டாள். மார்கழி முழுக்க அதையே சொல்லிக் காட்டினாள்.

கேமராவை மாட்டிக் கொடுக்க ஒரு என்ஜினியர் வந்திருந்தார். அவர் ஊர் ஞாபகம் இல்லை. கிளம்பும்போது அவர் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது. "புள்ளி தெரியாத இடத்துல இது காலியா காட்டும். ஆனா ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா அக்கம்பக்கத்து கலரைப் பாத்து அதுவே காலி இடத்தை நிரப்பிடும். படம் ரொம்ப அழகா இருக்கும். அழகா இருந்தா சந்தேகப்படுங்க."

இனி செல்வராசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

செல்வராசு தொட்டியத்துக்காரர். வாழை விவசாயக் குடும்பம். அண்ணன் தம்பிகள் மண்ணைப் பார்த்துக்கொண்டார்கள். இவர் மட்டும் வெல்டிங் கற்றுக்கொண்டு, துவாக்குடியில் பெரிய தொழிற்சாலைகளுக்கு வேலை எடுத்துச் செய்கிற சின்ன ஷெட் ஒன்றைப் போட்டார். நல்ல கைக்காரர். அவர் போட்ட வெல்டிங் பூத்தொடுத்த மாதிரி இருக்கும். எங்கள் லேபுக்கு எத்தனையோ தடவை சாம்பிள் கொண்டுவந்திருக்கிறார். ஒன்றுகூடத் திரும்பிப் போனதில்லை.

பிறகு பெரிய தொழிற்சாலைகளிலிருந்து வருகிற வேலை குறைந்தது. அவற்றை நம்பியிருந்த ஷெட்டுகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கின. பகல் பூராவும் வெல்டிங் வெளிச்சம் தெறித்துக்கொண்டிருந்த சந்துகளில் வேப்பஞ்சருகு குவிந்து கிடந்தது. செல்வராசு மட்டும் நாலைந்து ஆட்களை வைத்துக்கொண்டு கேட் கிரில், மாட்டுக்கொட்டகை என்று கிடைத்ததைச் செய்து ஷெட்டை மூடாமல் இழுத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில்தான் வெளிமாநிலக் கம்பெனி ஒன்று, மின்நிலையத்தில் குழாய்களைத் தாங்குகிற பிராக்கெட் செய்துதர ஆள் தேடி வந்தது. சாம்பிள் தேறினால் சில வருஷத்துக்கு வேலை நிற்காது. தேறாவிட்டால் அந்த மாதத்தோடு ஷெட்டை மூடிவிட வேண்டியதுதான் என்று அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

சாம்பிளை முதல் நாளே கொண்டுவந்து வைத்துவிட்டார். சுவரோடு நிற்கிற ஒரு தகடு, அதிலிருந்து கை நீட்டின மாதிரி ஒரு தகடு, இரண்டும் சேருகிற மூலையில் வெல்டிங். அவ்வளவுதான் பிராக்கெட். நான் வெள்ளை அடித்துப் புள்ளி தெளித்துக் காயவைத்தேன். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "அண்ணே, கல்யாணப் பொண்ணுக்கு மாதிரி பாத்து செய்யுங்க. பொண்ணு பாக்க நாளைக்கு ஆள் வராங்க" என்றார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிந்ததும் சமயபுரம் போய்விட்டு, செல்வராசுவும் அவர் மனைவி மல்லிகாவும் நேராக லேபுக்கு வந்தார்கள். மல்லிகா கையில் பிரசாதக் கூடை. அதற்கு முன்னால் அந்த அம்மாளை நான் பார்த்ததில்லை.

"இவருதான் புள்ளி வைக்கிற அண்ணன்" என்று செல்வராசு என்னைக் காட்டினார்.

"நல்லாருக்குண்ணே. எங்க வீட்ல ஒரு ஆளு இருக்காரு, ஒரு வெல்டிங் வச்சு முடிக்கறதுக்குள்ள நான் தெருவுக்கே கோலம் போட்டு முடிச்சுருவேன்" என்றது அந்த அம்மாள்.

"அதான் நிக்குது. உன் கோலம் மறுநாள் காலையில இருக்கா?" என்றார் செல்வராசு.

அப்படிச் சிரிப்பும் பேச்சுமாகத்தான் ஆரம்பித்தது. எங்கள் என்ஜினியர் நித்யா மேடம் கேமராவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியின் அதிகாரி கார் வந்துவிட்டது என்று வாட்ச்மேன் சொல்ல, அவரை அழைத்துவர நான் கேட்டுக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் வேலை நடந்துவிட்டது.

மல்லிகா சந்தனத்தைக் குழைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, பிராக்கெட்டுக்கு ஒரு பெரிய பொட்டு வைத்துவிட்டது. அத்தோடு விடாமல் ஜாக்கிக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழத்தோடு நீட்டிய கையை நித்யா மேடம் பிடித்துக்கொண்டிருந்தார். "அம்மா, அது பாரம் ஏத்துற மெஷின்மா. பழம் நசுங்கினா சாறு எண்ணெய்க் குழாய்ல போயிரும்." புது வண்டி வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் பழம் வைப்பதில்லையா, அந்த நினைப்பு. நம் ஊரில் யார் வந்தாலும் அதைத்தான் செய்வார்கள். என் மகன் பைக் வாங்கினபோது என் சம்சாரமும் செய்தாள்.

பொட்டை எங்கே வைப்பார்கள்? நெற்றியில்தான். பிராக்கெட்டுக்கு நெற்றி எது? முன்னால் வந்து நின்றதும் கண்ணில் படுகிற வெல்டிங் மூலை. பாரம் முழுவதும் வந்து இறங்குகிற இடமும் அதுதான். நாங்கள் பார்க்க வேண்டிய இடமே அதுதான்.

"அண்ணா, இங்க வாங்க" என்று நித்யா மேடம் என்னை மெதுவாகக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். புள்ளியும் வெள்ளையுமாக இருக்க வேண்டிய படத்தில், மூலையில் மொழுக்கென்று ஒரு வட்டம். கேமராவுக்குக் குங்குமம் தெரியாது, சந்தனம் தெரியாது. அதற்குப் புள்ளி இல்லாத இடம் எல்லாம் ஒன்றுதான். கணக்கு ஓட்டிப் பார்த்தார். அந்த வட்டம் மட்டும் ஓட்டையாக வந்தது.

எங்கள் மேனேஜரும் வந்து பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. செல்வராசு மேல் அவருக்கும் பிரியம். "நிரப்பிடுங்களேம்மா. அந்தப் பட்டன் எதுக்கு இருக்கு? ரெண்டு நிமிஷத்து வேலை" என்றார்.

"வேற எந்த இடமா இருந்தாலும் பரவால்ல சார். இது வெல்டிங் மூலை. இதப் பாக்கத்தான் டெஸ்ட்டே வச்சிருக்கோம்."

"செல்வராசு வெல்டிங்மா அது. என்னிக்காச்சும் ஃபெயில் ஆயிருக்கா?"

"ஆகலை சார். அதுக்காகப் பாக்காமலே பாத்தேன்னு கையெழுத்துப் போட முடியாது."

"சரி, அப்ப யாரு போய் துடைக்கிறது? நீங்க துடைக்கிறீங்களா?"

நித்யா மேடத்துக்குக் கல்யாணமாகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது. தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட மங்கவில்லை. "எனக்குக் கை வராது சார்" என்றார். சொல்லிவிட்டு இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். என் முகத்தைக்கூட அல்ல. நெற்றியைப் பார்த்தார்கள். நாமம் போட்ட ஆள் துடைத்தால் அந்த அம்மாள் தப்பாக நினைக்காது என்று நினைத்திருப்பார்கள்.

நான் மல்லிகாவிடம் போனேன். விஷயத்தைப் பக்குவமாகத்தான் சொன்னேன். பொட்டு இருந்தால் கேமராவுக்கு அந்த இடம் தெரியாது, துடைத்துவிட்டு மறுபடி புள்ளி வைக்க வேண்டும் என்றேன்.

அந்த அம்மாளின் முகம் மாறிவிட்டது. "துடைக்கவா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா? ஆத்தா காலடியில வச்சு எடுத்துக்கிட்டு வந்த குங்குமம்ண்ணே."

"அதுக்கென்னம்மா, இந்த மெஷின் தூணுக்கு வச்சுக்கலாம். எல்லாம் ஒண்ணுதானே."

"பொண்ணுக்கு வைக்க வேண்டிய பொட்ட அவ உக்காந்திருக்கற நாற்காலிக்கு வைப்பாங்களாண்ணே? பாத்தா நாமம் போட்டுக்கிட்டு இருக்கீங்க. நீங்களே இப்படிக் கேக்கறீங்களே."

அப்போது செல்வராசு குறுக்கே வந்தார். "தொடைங்கண்ணே. என் வெல்டிங்க மூடி வச்சுக் காட்டுற அளவுக்கு நான் இன்னும் போகல."

"நீங்க பேசாம இருங்க."

"இல்ல மல்லிகா. அந்த மூலையில ஒரு குண்டூசி அளவு குத்தம் இருக்காது. சாம்பிள்னு நானே உக்காந்து தேய்ச்சுத் தேய்ச்சு பளபளன்னு வச்சிருக்கேன். அவங்க பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும்."

அவர் 'தேய்ச்சு' என்று சொன்னது என் காதில் விழுந்தது. மனசில் தைக்கவில்லை. பொட்டு பெரிய காரியமாக என் முன்னால் நின்றதால் மற்றது எதுவும் உள்ளே போகவில்லை. நித்யா மேடத்துக்கும் அப்படித்தான். பதற்றத்தில் நம் காது வேலை செய்யும், புத்தி அதைப் பிடித்து நிறுத்தாது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

துணியில் தின்னரை நனைத்துக்கொண்டு போய் நின்றேன். மல்லிகா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. எங்கள் ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குச் சமயபுரத்தாள் தங்கை என்பார்கள். 'தாயே, உன் அண்ணன் ஊர்க்காரன்தான் துடைக்கிறேன். இவர்கள் குடும்பத்துக்காகத்தான் துடைக்கிறேன். கோபித்துக்கொள்ளாதே' என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத் துடைத்தேன். துணி பூராவும் சிவப்பாகிவிட்டது. குப்பையில் போட மனசு வரவில்லை. மடித்து என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டேன், வீட்டுக்குப் போகிற வழியில் காவிரியில் விட்டுவிடலாம் என்று.

மறுபடி வெள்ளை அடித்து, காய்ந்து, புள்ளி தெளித்து, அதுவும் காய்ந்து முடிப்பதற்குள் அதிகாரி இரண்டு டீ குடித்துவிட்டார். "பொண்ணுக்கு மேக்கப் முடிஞ்சுதா, இல்ல மாப்பிள்ளை வீட்டார் போயிட்டு நாளைக்கு வரணுமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். செல்வராசு ரொம்பச் சத்தமாகச் சிரித்தார்.

பாரம் ஏற்ற ஆரம்பித்தோம். திரை முழுக்க நீலம். மெல்ல மெல்லப் பச்சை. எல்லாம் எதிர்பார்த்தபடி. மல்லிகா ஒரு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. செல்வராசு கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிப் பாரம்கூட ஏறவில்லை. வெல்டிங் மூலையில் மஞ்சளாக ஒரு புள்ளி எழுந்தது. நித்யா மேடம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். மஞ்சள் காவியாயிற்று. காவி சிவப்பாயிற்று. சுற்றிலும் பச்சை, நடுவில் வட்டமாகச் சிவப்பு. சரியாகப் பொட்டு இருந்த இடத்தில், ஏறக்குறைய பொட்டு அளவில்.

அந்த நேரத்தில் மல்லிகா கண்ணைத் திறந்தது. திரையைப் பார்த்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, "ஏங்க! இங்க பாருங்க! தொடைச்சாலும் வந்துட்டா பாருங்க என் ஆத்தா!" என்று கத்தியது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. முகமெல்லாம் சந்தோஷம். அதற்குச் சிவப்பு என்றால் என்னவென்று தெரியாது. அதிகாரியைப் பார்த்துக் கும்பிட்டது. நித்யா மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டது. என்னைப் பார்த்து, "தப்பாப் பேசிட்டேன்ணே, மனசுல வச்சுக்காதீங்க" என்றது.

செல்வராசு கட்டியிருந்த கையைக் கீழே இறக்கினார். அவருக்குச் சிவப்பு தெரியும். பிறகு இரும்பிலிருந்து 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. விரல் நெட்டி முறிக்கிற சத்தம்தான், ஆனால் மூலையில் விரிசல் விட்டுவிட்டது. நித்யா மேடம் பாரத்தை நிறுத்தினார்.

என் வேலைக்காலத்தில் எத்தனையோ உடைந்திருக்கின்றன. அந்த அம்மாளின் கை தலைக்கு மேல் இருந்தபோது வந்த அந்தச் சத்தம் போல ஒன்றை நான் கேட்டதில்லை.

பாரத்தை இறக்கினதும் செல்வராசு போய் அந்த மூலையைக் கட்டை விரலால் தடவினார். தடவின உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. நித்யா மேடம் பூதக்கண்ணாடியில் பார்த்துச் சொன்னதும் அதுதான். வெல்டிங்கில் குற்றம் இல்லை. போட்ட வெல்டிங்கை அழகுக்காகக் கிரைண்டரால் தேய்த்ததில், அந்த முன் மூலையில் மட்டும் சதை போய்விட்டது. தகட்டிலும் ஒரு நகக்கீறல் போலப் பள்ளம் விழுந்திருந்தது. மேலே வெள்ளை அடித்ததும் அது எனக்கும் தெரியாமல் போயிற்று. முன்னால் நிற்கிறவர் கண்ணில் முதலில் படுகிற இடம் என்று அங்கேதான் அவர் அதிகமாகத் தேய்த்திருக்கிறார். அதே காரணத்துக்காகத்தான் மல்லிகா அங்கே பொட்டு வைத்தது.

"சார், ஷெட்டுல செய்யற பீஸ யாரும் தேய்க்க மாட்டாங்க சார்" என்றார் செல்வராசு. "இது சாம்பிள்னு, நீங்க பாப்பீங்கன்னு, நான்தான் ஆசைப்பட்டு உக்காந்து தேய்ச்சேன். மத்ததெல்லாம் போட்டது போட்டபடி இருக்கும். அது நிக்கும் சார்."

நித்யா மேடமும் சொன்னார். "அவர் சொல்றது சரி சார். தேய்க்காம இருந்தா இது தேறியிருக்கும். இன்னொரு சாம்பிள் பாக்கலாமே."

அதிகாரி திரையை மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு, "நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. எனக்கே வருத்தமாத்தான் இருக்கு. ஆனா எங்கிட்ட இருக்கறது இந்தப் படம்தான். நல்லாப் பண்ணுவாருன்னு நான் எதைக் காட்டி எழுதறது? இன்னொரு சாம்பிளுக்கு நேரம் குடுக்கற அதிகாரம் எங்கிட்ட இல்ல" என்றார். கைகுலுக்கினார். போய்விட்டார்.

மல்லிகா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. "என்னங்க? என்ன சொல்றாங்க? அதான் ஆத்தா வந்தாளே?" என்றது. செல்வராசு அந்த அம்மாளின் கையிலிருந்த பிரசாதக் கூடையை வாங்கிக்கொண்டு, "வா போவோம்" என்றார். வாசலில் இறங்கும்போது அவர் சொன்னாரோ என்னவோ, வெளியே மல்லிகாவின் குரல் கேட்டது. நான் உள்ளேயே நின்றுகொண்டேன்.

நித்யா மேடம் ரிப்போர்ட்டில் எல்லாவற்றையும் விவரமாக எழுதினார். வெல்டிங் நல்லது, தேய்த்ததுதான் காரணம் என்று தெளிவாகவே எழுதினார். அதை யாரும் படித்த மாதிரி தெரியவில்லை. அந்த மாத முடிவில் செல்வராசு ஷட்டரை இறக்கினார். மெஷின்களைக் காயலான் கடை வண்டியில் ஏற்றுகிறபோது அந்த வழியாகத்தான் என் பஸ் போனது. நான் இறங்கவில்லை. இறங்கி என்ன சொல்வது?

அதற்கு அடுத்த வாரம்தான் அந்தப் பலகையை மாட்டினேன். சாம்பிள் கொண்டு வருகிறவர்களிடம், அழகு பார்க்காதீர்கள், ஷெட்டில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே கொண்டுவாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லும் வழக்கத்தையும் நித்யா மேடம் அப்போதுதான் ஏற்படுத்தினார். இன்றைக்கு நீங்கள் அதைச் சொல்கிறீர்கள். ஏன் சொல்கிறோம் என்று இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

நாங்கள் அன்றைக்குச் செய்தது சரிதான். அதை எத்தனையோ தடவை புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பட்டனை அமுக்கி நிரப்பியிருந்தால் பொய். துடைத்ததில் வந்தது உண்மை. ஆனால் அந்த உண்மை அந்த ஒரு துண்டு இரும்பைப் பற்றின உண்மை. அந்த மனிதரைப் பற்றி அது சொன்னது பொய். அவர் செய்திருக்கக்கூடிய பிராக்கெட்டுகள் எல்லாம் நன்றாக இருந்திருக்கும். தப்பான சாமான் போகாமல் நாலு பேர் உயிரைக் காப்பாற்றினோம் என்று ஆறுதல்பட்டுக்கொள்ளக்கூட எனக்கு வழி இல்லை.

ஆகவே துடைக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. துடையுங்கள். இன்னொரு நாள் அப்படி மறைந்த இடத்துக்கு அடியில் நிஜமாகவே ஒருவர் உயிர் இருக்கும். எந்த நாள் எது என்று முன்னால் தெரியாது. ஆனால் சரியாகச் செய்தால் ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு வரவில்லை.

கடைசியில் ஒன்று இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று என் சம்சாரத்திடம் கேட்டேன். "எழுதறதா இருந்தா முழுசா எழுதுங்க. இல்லன்னா பேனாவ மூடுங்க" என்றாள்.

நான் ரிட்டயர் ஆன பிறகு வந்த தைப்பூசம். அன்றைக்குச் சமயபுரத்தாள் கொள்ளிடக் கரைக்கு வருவாள். ஸ்ரீரங்கத்திலிருந்து பெருமாள் தங்கைக்குப் பட்டும் மாலையும் தட்டுமாகச் சீர் அனுப்புவார். வருஷம் தவறாமல் நான் போவேன். அந்த ஜனத்தில் மல்லிகாதான் என்னை அடையாளம் கண்டு வந்து நின்றது. கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது. தொட்டியத்திலேயே ஒரு வாழைமண்டியில் இலை அடுக்கிக் கட்டுகிற வேலைக்குப் போவதாகச் சொன்னது.

"செல்வராசு எப்படிம்மா இருக்காரு?"

"ஓசூர்ல ஒரு கம்பெனியில செக்யூரிட்டிண்ணே. கேட்டைத் தொறந்து மூடுறாரு. அங்கயே வெல்டிங்குக்கு ஆள் வேணும்னு கூப்பிட்டாங்களாம். போகல. அந்தச் சாமானையே கையில தொட மாட்டேங்குறாரு. வீட்டுக்கு வந்தாலும் பேச்சு இல்ல."

நான் தலையை ஆட்டினேன். அம்மன் இன்னும் வந்து சேரவில்லை. மேளச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லுங்க" என்றது மல்லிகா. "அன்னிக்கு அந்தப் பொட்ட தொடைக்காமயே விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?"

தெரியாதும்மா என்று சொல்லியிருக்கலாம். எப்படியும் தேறியிருக்காது என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் தீர்ப்பு சொல்வது படம்தான்; அந்த மூலையைப் பட்டன் பச்சையாக நிரப்பியிருக்கும், அந்த மெல்லிய சத்தத்தை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டோம். வேலை செய்த காலமெல்லாம் திரையில் என்ன தெரிகிறதோ அதைச் சொல்லியே பழகின வாய். அந்த அம்மாள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பாஸ் ஆயிருக்கும்மா" என்றேன்.

அது அழவில்லை. கோபப்படவும் இல்லை. ரொம்ப நேரம் ஆற்று மணலையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு, "அப்ப ஆத்தா எங்களக் கைவிடல" என்றது, யாரிடமோ சொல்வது மாதிரி. "மறைச்சுக் குடுத்திருக்கா. பாவி நான், இத்தன நாளா அவளைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டிக்கிட்டு இருந்தேன்."

மேளம் வருகிற திசையைப் பார்த்து இரண்டு கன்னத்திலும் படபடவென்று போட்டுக்கொண்டது. அதன் முகத்தில் ஏதோ ஒரு பாரம் இறங்கினது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வரேண்ணே, கிட்டப் போய் பாக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டது.

அம்மன் வந்தாள். அண்ணன் சீர் தட்டுகள் எதிரே வந்தன. என்னைச் சுற்றி இருந்த அத்தனை பேரும் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். எனக்குக் கை எழவில்லை.